மரபணுக் கணக்கை யார் பார்ப்பது?

டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்ப் என்றதும் நம் ஆட்களுக்கு அங்குள்ள பழைய விநாயகர் கோயில்தான் நினைவுக்கு வரும். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கும்பிட்ட கோயில் அது. அதே ஊரில்தான் தென்னாப்பிரிக்கக் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 1925இல் தொடங்கியது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து டர்பன் துறைமுகத்தில் இறங்கியவர்கள் எந்தப் பயிருக்காகக் கொண்டுவரப்பட்டார்களோ, அதே பயிரின் மரபணுக்களை இன்று அவர்கள் வழியில் வந்த பிள்ளைகளும் ஆராய்கிறார்கள்.

அப்படி ஒரு பெண் ஒருநாள் சாயங்காலம் ஒரு ஹார்ட் டிஸ்கோடு என்னிடம் வந்தார். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் ஆங்கிலம், ஆயாவிடமும் (பாட்டி) கோயிலிலும் கொஞ்சம் தமிழ். "அண்ணா, என் டேட்டா எல்லாம் இதுல இருக்கு. நான் இன்னும் திறந்துகூடப் பாக்கல" என்றார். தண்ணீர் விட்ட கரும்பு ஒரு பக்கம், தண்ணீர் நிறுத்திய கரும்பு இன்னொரு பக்கம். வறட்சி வந்தால் செடிக்குள் எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பது அவருடைய கேள்வி. செடியை வளர்த்ததும் இலையை வெட்டி எடுத்ததும் அவர்தான். அதன் பிறகு மாதிரிகள் கைமாறிப் போயின. மரபணு எழுத்துகளை இயந்திரத்தில் படிக்கும் வரிசைப்படுத்தல் ஓரிடத்தில் நடந்தது, கணக்கை வேறோர் இடத்தில் வேறொருவர் பார்த்தார். கடைசியில் மின்னஞ்சலில் ஒரு எக்செல் பட்டியல் வந்தது, ஆயிரக்கணக்கில் மரபணுப் பெயர்களோடு. அதை வைத்துக்கொண்டு ஆய்வேட்டில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய தவறு என்று இதில் எதுவும் இல்லை. உயிரியல் படிக்க வருபவர்களில் பலர் கணக்குக்குப் பயந்தே உயிரியலைத் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்கள் படித்து முடிப்பதற்குள் அந்தத் துறையே கணக்காக மாறிவிட்டது. அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது எப்படி, ஏன் அது நாம் நினைப்பதைவிடக் கடினம், ஏன் அதை அவர்களேதான் செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பல வருடங்களாக இந்த வகுப்புகளை நடத்திவருகிறேன். இதில் எனக்குப் பிடிவாதமான கருத்துகள் உண்டு.

முதலில் மரபணு வெளிப்பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் கோயில் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சமையல் குறிப்பும் அடங்கிய பெரிய நோட்டு ஒன்று சாமான் அறையில் பூட்டியிருக்கிறது. அதை யாரும் வெளியே எடுத்துப்போகக் கூடாது. சமைப்பவர் உள்ளே போய், தனக்கு வேண்டிய குறிப்பை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். அந்த நோட்டுதான் டிஎன்ஏ. துண்டுச் சீட்டு, செய்தி ஆர்என்ஏ. அண்டாவில் வேகும் பண்டம், புரதம்.

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே நோட்டுதான் இருக்கிறது. மனிதருக்குப் புரதம் செய்யும் குறிப்புகள் மட்டும் ஏறத்தாழ 20,000. ஈரல் செல் ஈரலாகவும் தோல் செல் தோலாகவும் இருப்பதற்குக் காரணம், எந்தச் சீட்டு எத்தனை எழுதப்படுகிறது என்பதில் உள்ள வித்தியாசம். வறட்சி வந்தால், காய்ச்சல் வந்தால், மருந்து கொடுத்தால் சீட்டுகளின் எண்ணிக்கை மாறும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சமையல்கட்டில் கிடக்கும் சீட்டுகளை எல்லாம் பொறுக்கி, எந்தக் குறிப்புக்கு எத்தனை என்று எண்ணுவதுதான் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு.

சீட்டை எண்ணுவது பண்டத்தை எண்ணுவது ஆகாது. பத்து சீட்டு கிடந்தும் அடுப்பு பற்றவைக்கப்படாமல் போயிருக்கலாம். இந்த ஓர் எச்சரிக்கையை மறந்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம்.

எண்ணும் முறையும் காலத்தோடு மாறிவந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு சோதனைக்கு ஒன்றிரண்டு மரபணுக்களைத்தான் பார்க்க முடியும். 1995இல் மைக்ரோஅரே என்னும் சில்லு முறை அறிமுகமானது, பிறகு ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்க முடிந்தது. 2008 வாக்கில் ஆர்என்ஏ வரிசைப்படுத்தல் பரவியது. இன்று பெரும்பாலும் அதுதான் வழி. ஒரு மாதிரிக்கு 2 கோடி, 3 கோடி துண்டுகள் படிக்கப்படுவது சாதாரணம். எண்ணியதை எல்லாரும் பயன்படுத்தும்படி சேர்த்து வைக்க ஜியோ என்ற பொதுத் தரவுக் கிடங்கை அமெரிக்காவின் உயிரித் தகவல் மையமான என்சிபிஐ 2000இல் திறந்தது. அங்கே கிடக்கும் தரவை டர்பனில் இருக்கும் மாணவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

துண்டுச் சீட்டு சீக்கிரம் கிழிந்துபோகும். செல்லே அதைக் கிழித்துப் போடும்படிதான் அமைந்திருக்கிறது. நம் விரல் வியர்வையில்கூட ஆர்என்ஏவை அரிக்கும் நொதி உண்டு. அதனால் இலையோ இரத்தமோ எடுத்த மறுகணம் திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைத்து, பிறகு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2022, 2023 ஆண்டுகளில் ஆய்வகம் வைத்திருந்தவர்களிடம் லோட் ஷெடிங் என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் மாறும். ஸ்டேஜ் 6 என்று அறிவித்தால் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டர் கைகொடுக்காத ஒரே இரவில் மூன்று வருட மாதிரிகள் போய்விடலாம். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கும் பாதியில் நின்றுவிடும். எங்கள் வகுப்பில் மாணவர்கள் முதல் வாரமே கற்றுக்கொள்வது, மின்சாரம் போனாலும் தொலைவிலுள்ள கணினியில் வேலை தொடர்ந்து ஓடும்படி அனுப்புவது எப்படி என்பதைத்தான். கேப் டவுனில் உள்ள உயர்திறன் கணினி மையத்தில் லெங்காவ் என்றொரு பெரிய கணினித் தொகுதி இருக்கிறது. ட்ஸ்வானா மொழியில் அந்தப் பெயருக்குச் சிவிங்கிப்புலி என்று பொருள். டர்பனில் உட்கார்ந்தபடி அதற்கு வேலை கொடுக்க முடியும்.

வரிசைப்படுத்தும் இயந்திரத்திலிருந்து வருவது நான்கு நான்கு வரிகளாக நீளும் ஒரு கோப்பு. முதல் வரியில் துண்டின் அடையாளம், இரண்டாவதில் ஏ, சி, ஜி, டி எழுத்துகள், மூன்றாவதில் ஒரு கூட்டல் குறி, நான்காவதில் ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்ற தர மதிப்பு. தரம் 30 என்றால் அந்த எழுத்து தப்பாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. இந்தத் துண்டுகளை மரபணுத் தொகுதியோடு, அதாவது முழு நோட்டோடு, ஒட்டிப் பார்த்து, எது எந்தக் குறிப்பின் சீட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். மனிதருக்கு இது ஓரளவு சுலபம். கரும்புக்கு அப்படி இல்லை. இன்று பயிரிடப்படும் கரும்பு பல மூதாதைகளின் கலப்பு. அதற்கு 100க்கும் மேற்பட்ட குரோமோசோம்கள், ஒரே மரபணுவுக்குப் பத்துக்கும் மேற்பட்ட பிரதிகள்கூட இருக்கும். மனித மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்து என்றால் கரும்புடையது சுமார் 1,000 கோடி. நவீனக் கரும்பு ரகம் ஒன்றின் விரிவான வரிசை 2024இல்தான் வெளியானது. அதற்கு முன் பலரும் சோளத்தின் வரிசையைக் கடன் வாங்கித்தான் கரும்பைப் படித்தார்கள்.

இத்தனையும் முடிந்தால் கையில் ஓர் அட்டவணை. நெடுக்கே மரபணுக்கள், குறுக்கே மாதிரிகள், கட்டங்களில் எண்ணிக்கை. பெரும்பாலான பட்டறைகளில் கற்றுக்கொடுப்பது, இந்த அட்டவணையை எந்த மென்பொருளில் போட்டு எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடந்திருக்கும் பெரிய தவறுகளைப் பார்த்தால் அவற்றில் பல வேறு இடத்தில் நடந்தவை.

சின்னத் தவறிலிருந்து தொடங்குகிறேன். நம் டர்பன் டெலிபோன் புத்தகத்தில் மூட்லி என்றும் கவெண்டர் என்றும் பக்கம் பக்கமாகப் பெயர்கள் இருக்கும். முதலியும் கவுண்டரும், கப்பலில் வந்தவர்களைப் பதிந்த குமாஸ்தாவின் பேனாவில் அப்படி ஆனார்கள். அவர் காதில் விழுந்ததை எழுதினார், எழுதியது நிலைத்துவிட்டது. மரபணுக்களுக்கு எக்செல் அதே காரியத்தைச் செய்தது. செப்ட்2, மார்ச்1 என்று ஆங்கிலத்தில் சுருக்கி எழுதப்படும் மரபணுக்கள் உண்டு. எக்செலில் தட்டினால் அது செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளை 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் தன் முடிவை அறிவித்தது. மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். செப்ட்2 இப்போது செப்டின்2.

அடுத்தது பெரியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, புற்றுநோய்க் கட்டியின் மரபணு வெளிப்பாட்டைப் பார்த்தே எந்த மருந்து கேட்கும் என்று சொல்லிவிடலாம் என 2006இல் எழுதியது. 2007இல் நோயாளிகளை வைத்துச் சோதனைகளும் தொடங்கின. ஹூஸ்டனில் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப் போயிருந்தது. மருந்து கேட்கும், கேட்காது என்ற குறிப்புகள் இடம் மாறியிருந்தன. அவர்கள் 2009இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சோதனைகள் 2010இல் மூடப்பட்டன, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தரவே திரிக்கப்பட்டிருந்தது என்று 2015இல் அரசு விசாரணை முடிவு சொன்னது. ஆனால் ஒரு வரி தள்ளிப்போன பட்டியலைக் கண்டுபிடிக்க விசாரணைக் குழு வேண்டியதில்லை. அந்த மரபணுக்களை நன்றாகத் தெரிந்த ஒருவர், "இது ஏன் இந்தப் பட்டியலில் இருக்கிறது?" என்று கேட்டிருந்தாலே நூல் பிடித்துப் போயிருக்கலாம்.

மூன்றாவது கதையைத் தென்னாப்பிரிக்காவில் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளியினருக்கும் ஆசிய வம்சாவளியினருக்கும் இடையே சோதித்த மரபணுக்களில் ஏறத்தாழ கால்வாசியின் வெளிப்பாடு வேறுபடுகிறது என்றது. கொஞ்ச நாளில் வேறொரு குழு அதே தரவைத் திறந்து, ஒவ்வொரு மாதிரியும் எந்தத் தேதியில் ஆய்வகத்தில் அளக்கப்பட்டது என்று பார்த்தது. ஐரோப்பிய மாதிரிகளில் பெரும்பாலானவை 2003, 2004இல் அளக்கப்பட்டவை. ஆசிய மாதிரிகள் 2005, 2006இல். வருடத்தைக் கணக்கில் சேர்த்ததும் இனங்களுக்கிடையே காட்ட வித்தியாசமே மிஞ்சவில்லை. அளந்த காலத்தின் வித்தியாசம் இனத்தின் வித்தியாசமாக வேஷம் போட்டிருந்தது. கணிசமான வித்தியாசம் உண்மையிலேயே இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். அந்தத் தரவை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

மனிதர்களை வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர் என்று சட்டம் போட்டுப் பிரித்த நாடு இது. 1950இல் வந்த அந்தச் சட்டம் 1991 வரை இருந்தது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளிக்குப் போகலாம், எந்தக் கடற்கரையில் கால் நனைக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருந்த ஒரு சொல்லைப் பொறுத்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில், ஒரு மருத்துவமனையில் திங்கட்கிழமை எடுத்த இந்தியர் இரத்தத்தையும் இன்னொரு மருத்துவமனையில் வியாழக்கிழமை எடுத்த ஜூலு இரத்தத்தையும் ஒப்பிட்டு, இனம் இனமாக மரபணு வேறுபடுகிறது என்று ஒரு மாணவர் எழுதிவிட்டால் அது வெறும் புள்ளியியல் பிழையாக நிற்காது. எந்த மென்பொருளும் இதைத் தடுக்காது. இனமும் நாளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தால் அதைக் கணினியால் பிரிக்கவே முடியாது. மாதிரி எடுப்பதற்கு முன்னால் யோசித்தால்தான் உண்டு.

சாட்ஸ்வொர்த் பெண்ணின் கரும்புக்கு வருகிறேன். அவருக்கு அனுப்பப்பட்ட பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்கில் இருந்த மூலக் கோப்புகளிலிருந்து நாங்கள் இருவரும் மறுபடி தொடங்கினோம். ஆறேழு வாரம் ஆனது. தண்ணீர் விட்டவை ஒரு பக்கமும் விடாதவை ஒரு பக்கமுமாக மாதிரிகள் அழகாகப் பிரிந்து நின்றன. எனக்கு மகிழ்ச்சிதான். கணக்குத் தெரிந்தவனுக்குப் படம் சுத்தமாகப் பிரிந்தால் போதும். அவர் மட்டும் பட்டியலின் உச்சியில் இருந்த பெயர்களைத் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தார். "அண்ணா, இதெல்லாம் வறட்சி மரபணு இல்ல. இது கடிகாரம்" என்றார்.

செடிக்கும் உள்ளுக்குள் கடிகாரம் உண்டு. விடியற்காலையில் சில மரபணுக்கள் உச்சத்தில் இருக்கும், சாயங்காலம் வேறு சில. எல்எச்ஒய் என்பது காலை மரபணு, டாக்1 மாலை மரபணு. அவருடைய ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டினோம். தண்ணீர் விட்ட செடிகளின் இலையை எல்லாம் காலை எட்டு மணிக்கு வெட்டியிருக்கிறார். தண்ணீர் விடாதவற்றை, உதவிக்கு ஆள் கிடைக்காததால், பிற்பகலில். அந்த நீண்ட பட்டியலில் பெரும்பகுதி வறட்சியைப் பற்றியதே அல்ல. மணி என்ன என்று செடி சொன்னதைத்தான் நாங்கள் அவ்வளவு செலவழித்து அளந்திருந்தோம்.

முதலில் கணக்குப் பார்த்தவர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தார். அவருக்குக் கரும்பைத் தெரியாது. எனக்கும் தெரியாது. செடியைத் தெரிந்தவரின் கண்ணில் அந்தப் பெயர்கள் பட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. உயிரியலாளர்தான் தன் தரவின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

புள்ளியியலில் அவர்களுக்கு வேண்டியது மலையளவு இல்லை. எங்கள் முதல் வகுப்பில் கணினியைத் திறப்பதில்லை. பத்து மரபணு, ஆறு மாதிரி கொண்ட ஓர் அட்டவணையைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்து, பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்வேன். ஒரே வகைச் செடிகளுக்குள்ளேயே எண்கள் எவ்வளவு அலைகின்றன என்று கையால் வரைந்து பார்த்தவர், ஒரே ஒரு செடியை வைத்து முடிவு சொல்ல மாட்டார். எத்தனை செடி வேண்டும்? ஸ்காட்லாந்தில் ஒரு குழு ஈஸ்ட்டை வைத்து இதற்கென்றே சோதனை செய்து 2016இல் வெளியிட்டது. ஒரு நிலைக்கு 48 மாதிரிகள் எடுத்து, அதில் மூன்றை மட்டும் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பார்த்தார்கள். பெரும்பாலான கருவிகள், முழுத் தொகுப்பில் தெரிந்த மாறுதல்களில் 20 முதல் 40 சதவீதத்தைத்தான் பிடித்தன. குறைந்தது ஆறு வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. நம் மாணவர்கள் பெரும்பாலும் மூன்றோடு வருவார்கள், ஏனென்றால் பணம் அவ்வளவுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டது எவ்வளவு இருக்கும் என்பதையாவது தெரிந்துகொண்டு எழுதட்டும்.

இன்னொன்று, எண்ணிக்கை அதிகமானால் வரும் ஏமாற்றம். நூற்றுக்கு ஐந்து தடவை தற்செயலாக நடக்கக்கூடியதைக்கூட முக்கியம் என்று ஏற்கும் அளவுகோலை 20,000 மரபணுக்களுக்குப் போட்டால், எதுவுமே மாறாதபோதும் 1,000 மரபணுக்கள் மாறியதுபோலத் தோன்றும். இதைத் திருத்தும் வழியை யோவ் பெஞ்சமினி, யோசெஃப் ஹோக்பெர்க் என்ற இஸ்ரேலியப் புள்ளியியலாளர்கள் 1995இல் கொடுத்தார்கள். இன்று எல்லா மென்பொருளிலும் அது இருக்கிறது. திருத்திய எண் இருக்கும் அந்த நெடுவரிசை எதற்கு என்று தெரியாமல் பக்கத்து நெடுவரிசையைப் பார்த்து முடிவெழுதியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களில் உருவாக்கிய ஆர் மொழியும், அதன்மேல் 2001இல் தொடங்கிய பயோகண்டக்டர் திட்டமும் இந்தத் துறையின் முதுகெலும்பு. அதற்குள் லிம்மா, எட்ஜ்ஆர், டீசீக்2 என்று மூன்று தொகுப்புகள், எதை எடுத்தாலும் தப்பில்லை. நிரல் எழுதப் பயப்படுபவர்களுக்குக் கேலக்ஸி இருக்கிறது, உலாவியிலேயே எல்லாப் படிகளையும் செய்யலாம். எல்லாமே இலவசம். நான் ஆரில்தான் தொடங்குவேன். எழுதிய நிரல் ஒரு வருடம் கழித்தும், என்ன செய்தோம் என்பதற்குச் சாட்சியாக இருக்கும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரலை அது எழுதியே தந்துவிடுகிறது, மாணவர்களும் கேட்கிறார்கள், கேட்கட்டும். இலையை எத்தனை மணிக்கு வெட்டினாய் என்று அது அவர்களைக் கேட்பதில்லை.

சரி, பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? இந்த நாட்டுக்கு இதில் நல்ல வரலாறு உண்டு. கேப் டவுன் அருகே வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் 1996இலேயே வின்ஸ்டன் ஹைட் தேசிய உயிரித் தகவலியல் நிறுவனத்தைத் தொடங்கினார். கலப்பினத்தார் என்று வகைப்படுத்தியவர்களுக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே இப்படி ஒரு நிறுவனம் வந்ததை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. பிறகு 2012இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா மல்டர் தலைமையில் எச்3ஏபயோநெட் என்னும் ஆப்பிரிக்க உயிரித் தகவலியல் வலையமைப்பு உருவானது. அவர்கள் 2016இல் தொடங்கிய அறிமுக வகுப்புதான் என் பார்வையில் மிகச் சிறந்த யோசனை. ஆசிரியர் ஓர் ஊரில் பாடம் எடுப்பார். பத்து நாடுகளில் இருபது வகுப்பறைகளில் மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இணையம் நம்பக்கூடியதாக இல்லை என்பதால் பாடக் காணொளிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வகுப்பறையிலும் உதவிக்கு உள்ளூர் ஆள் ஒருவர் இருப்பார். வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று மாதம். முதல் வருடமே முந்நூறுக்கு மேல் சேர்ந்தார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது அந்த மூன்று மாதம். நம்மிடையே பிரபலமானது ஐந்து நாள் பட்டறை. வெளிநாட்டு ஆசிரியர் வருவார், நல்ல சாப்பாடு, கடைசி நாள் சான்றிதழ், குழுப் படம். அப்புறம் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கடவுச்சொல்கூட நினைவிருக்காது. இது என் எரிச்சல் மட்டும் அல்ல. அமெரிக்காவின் 53 நிறுவனங்களைச் சேர்ந்த 294 உயிரியல் முனைவர் பட்ட மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குறுகிய காலப் பயிற்சிக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இடையே ஆய்வுத் திறனில் அளக்கும்படியான வித்தியாசம் இல்லை.

நீச்சலை யாரும் ஐந்து நாளில் கற்று, ஒரு வருடம் தண்ணீரில் இறங்காமல் இருந்துவிட்டு, பிறகு ஆற்றில் குதிப்பதில்லை. நான் நடத்துவது வாரம் ஒரு மாலை, ஆறு மாதம். சேருவதற்கு ஒரே நிபந்தனை, சொந்தத் தரவோடு வர வேண்டும். தரவு இன்னும் இல்லாதவர்கள் இன்னும் நல்லவர்கள், சோதனை தொடங்குவதற்கு முன்பே அவர்களைப் பிடித்துவிடலாம். வீட்டில் ஜூலு பேசுபவர்கள், ஆங்கிலம் பேசுபவர்கள், தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் கலந்திருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சமையல்கட்டு உவமையை நான் சொன்னால், ஜூலு பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கல்யாணச் சமையலை வைத்து அதைத் திருத்திச் சொல்வார்கள்.

அவர்களை நான் வருத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வெஸ்டர்ன் கேப் மாகாணத்தின் வூஸ்டர் பகுதியில் 6,363 வளரிளம் பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணித்து, இரத்தத்தில் 16 மரபணுக்களின் வெளிப்பாட்டைப் பார்த்தே யாருக்குக் காசநோய் வரப்போகிறது என்று சொல்லலாம் என 2016இல் ஒரு குழு வெளியிட்டது. நோய் தெரிவதற்கு முந்தைய 12 மாதங்களில் நோயாளிகளில் 66 சதவீதம் பேரை அது அடையாளம் கண்டது. தென்னாப்பிரிக்க மண்ணில் எடுத்த மாதிரிகள், தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களின் கேள்வி. ஆனால் அந்த மரபணுக்கள் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கை மணியோடு சேர்ந்தவை. சாதாரண வைரஸ் சளி பிடித்தாலும் அந்த மணி அடிக்கும். மரபணுக் கணக்கில் ஆபத்து என்று தெரிந்தவர்களுக்குத் தடுப்புச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2021இல் வந்தது. அந்தச் சிகிச்சை அவர்களுக்குக் காசநோய் வருவதைக் குறைக்கவில்லை. ஏன் என்ற கேள்வியோடு இன்னும் வேலை நடக்கிறது. நோயாளியையும் பருவத்தையும் எச்ஐவியையும் அருகிலிருந்து பார்ப்பவர்களால்தான் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும்.

மனிதத் திசுக்களின் மரபணு வெளிப்பாட்டுக்கு உலகம் பயன்படுத்தும் பெரிய ஒப்பீட்டுத் தொகுப்பு ஜிடெக்ஸ். 948 பேர் இறந்தபின் கொடுத்த திசுக்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள், அருமையான வேலை. அந்த 948 பேரில் 85 சதவீதம் வெள்ளை அமெரிக்கர்கள். சாட்ஸ்வொர்த்திலும், டர்பனில் இந்தியர்கள் வாழும் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸிலும் வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் இருக்கிறது. நம்மவர்களின் கணையத்திலும் கொழுப்புத் திசுவிலும் எந்தச் சீட்டு எத்தனை என்று அந்தத் தொகுப்பிடம் கேட்டால் பதில் கிடைக்காது. அதை அளக்க வேண்டுமென்றால் இங்கே இருப்பவர்கள்தான் அளக்க வேண்டும். வரிசைப்படுத்தும் திறன் டர்பனுக்கு வந்துவிட்டது. 2020 டிசம்பரில் கொரோனாவின் பீட்டா திரிபை உலகத்துக்கு அறிவித்ததில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் கிரிஸ்ப் ஆய்வகம் முன்னால் நின்றது. இயந்திரம் வந்ததுபோல் கணக்குப் பார்க்கும் ஆட்களும் பெருக வேண்டும்.

அந்தப் பெண் அடுத்த பருவத்தில் புதிதாகக் கரும்பு நட்டார். தண்ணீர் விட்டவை ஆறு தொட்டி, விடாதவை ஆறு. எல்லாவற்றையும் ஒரே காலையில், ஒன்பது மணிக்குள் வெட்டிவிட வேண்டும். எந்தத் தொட்டியை முதலில் வெட்டுவது என்பதைத் தான் முடிவு செய்யக் கூடாது, குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தார். கணினியிலேயே ஒரு வரியில் செய்துவிடலாம். அவர் செய்யவில்லை. பன்னிரண்டு துண்டுச் சீட்டு எழுதிப் பித்தளைச் சொம்பில் போட்டு, வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின் ஆயாவை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லியிருக்கிறார். "ஆயா கேட்டாங்க, இது எந்தச் சாமிக்குன்னு" என்று என்னிடம் சொன்னார். ஆயா எடுத்த வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரீசர் கதவில் ஒட்டியிருக்கிறார்: 7, 2, 11, 4...